தேய்ந்த 1911 ரூபாயா, மினுங்கும் 1918 ரூபாயா?

கோத்தகிரியில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய தாத்தா 1970களில் இலங்கை மலையகத்தில் இருந்து ராமேஸ்வரம் வழியாக வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர். அவர் விட்டுப்போன பால்மா டின் ஒன்றில் கொஞ்சம் இலங்கைச் சதங்கள், ஓட்டைக் காலணாக்கள், ஒரு கைப்பிடி நயா பைசா, இரண்டு வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. டின்னைத் திறந்த அன்றே தம்பிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மாதம் 1,500 ரூபாய் ஒதுக்க முடியுமாம். ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு காசுகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று 1911ஆம் ஆண்டின் ‘பன்றி ரூபாய்’. நன்றாகத் தேய்ந்தது, விளிம்பில் வளையம் பற்றவைத்த தடமும் உண்டு. இன்னொன்று 1918ஆம் ஆண்டு ரூபாய், பளபளவென்று இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, இரண்டு மாதச் சேமிப்பு. “அரிய காசை வாங்குவதா, நல்ல நிலையில் இருக்கும் காசை வாங்குவதா?”

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். காசு சேர்ப்பது அதற்கும் முந்திய பைத்தியம். சுற்றி வளைக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1918ஐ வாங்குங்கள், அதுவும் கீழே சொல்லும் ஒரு சோதனையில் அது தேறினால் மட்டும். 1911 இப்போது வேண்டாம்.

ஒரு காசு அரியதா இல்லையா என்பது அந்தக் காசைப் பார்த்தால் தெரியாது. யாராவது சொல்லித்தான் தெரியும்: கடைக்காரர், விலைப் பட்டியல், ஏலக் கணக்கு, இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒரு கிழவன். ஆனால் காசு தேய்ந்திருக்கிறதா, யாராவது தேய்த்திருக்கிறார்களா, பற்றவைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கிறது. நூறு காசு பார்த்தால் பாதி பிடிபடும். ஆயிரம் பார்த்தால் கண் தானாகச் சொல்லும். பச்சைக் கொழுந்து எடை போடும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளியதுமே முற்றின இலை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். கை பழகிய பழக்கம் அது. முதல் இரண்டு மூன்று வருடம் உங்கள் பணம் அந்தப் பழக்கத்துக்குத்தான் போக வேண்டும். அடுத்தவர் வாயில் இருக்கும் ‘ரேர்’ என்ற சொல்லுக்குப் போகக் கூடாது.

சரி, இந்த இரண்டு காசுகளின் கதைக்கு வருவோம்.

1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உருவத்தோடு முதல் ரூபாய் வந்தது. அவர் உடையின் மேல் ஒரு பதக்கச் சங்கிலி, அதில் சின்ன யானை. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டதால் யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள், பேச்சு பெரிதானது. அந்த ஆண்டு 94 லட்சம் ரூபாய்க்காசு அடித்து, சுமார் 7 லட்சம் வெளியே போயிருந்த நிலையில் நிறுத்தி, மிச்சத்தைத் திரும்ப உருக்கினார்கள். 1912இல் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை வந்தது. ஒரே ஒரு ஆண்டுக் காசு, கூடவே ஒரு கதை. அதனால் எல்லோரும் தேடுகிறார்கள், விலையும் ஏறி நிற்கிறது.

இப்போது கடையில் உங்களுக்குக் காட்டிய காசை நினைத்துப் பாருங்கள். நன்றாகத் தேய்ந்தது என்கிறீர்கள். காசில் எது மேடாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் மணிவேலை, காது, தாடி, மார்பு உடை இவையெல்லாம் மேடு. எந்தப் பன்றிக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறீர்களோ, அது உட்கார்ந்திருக்கும் இடமும் அந்த உடைதான். உடை வழுவழுவென்று ஆகிவிட்டால் பின்னால் இருக்கும் 1911 என்ற ஆண்டு மட்டும்தான் மிச்சம். பன்றி இல்லாத பன்றி ரூபாய்!

அதற்கு மேல் அந்தப் பற்றவைத்த தடம். நம் பக்கத்தில் வெள்ளி ரூபாய் பெட்டியில் இருந்ததைவிடக் கழுத்தில் இருந்ததுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். காசுமாலை, அரைஞாண், குழந்தைக்கு ஒற்றைக் காசு, இப்படி. வளையத்தைப் பிய்த்து, விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து விற்றாலும் தடம் போகாது. விளிம்பில் வரிவரியாக இருக்கும் கோடுகள் அந்த ஒரு இடத்தில் மட்டும் செத்திருக்கும். கட்டை விரலை மெதுவாகச் சுற்றி ஓட்டினாலே தெரியும். சேகரிப்பவர்கள் கணக்கில் இது தேய்மானத்தைவிடப் பெரிய குறை. நாளைக்கு நீங்கள் விற்கப் போனால் அதே கடைக்காரரே “தம்பி, இது நகைக்காசு” என்று விலையைப் பாதியில் இருந்து பேச ஆரம்பிப்பார். வாங்கும்போது ‘அரியது’, விற்கும்போது ‘நகைக்காசு’. இந்த வியாபாரத்தின் பாதி ரகசியம் அவ்வளவுதான்.

1918இன் கதை வேறு. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு. இந்தியாவில் நோட்டு பெருகிவிட்டது. ஜனங்கள் நோட்டைக் கொடுத்துவிட்டு வெள்ளி ரூபாய் கேட்டார்கள், சர்க்காரிடம் வெள்ளி இல்லை. அந்த ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தன் கஜானாவில் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடியை உருக்கியது. அதில் சுமார் 26 கோடி டாலரின் வெள்ளி பிரிட்டிஷ் அரசுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்காக வந்தது. 1918இல் கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. தம்பியின் தாத்தா டின்னில் இருக்கும் இரண்டு வெள்ளி ரூபாயில் ஒன்று 1918ஆகவோ 1919ஆகவோ இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதில் கொஞ்சம் அமெரிக்க டாலரும் கலந்திருக்கலாம். ஆக, 1918 தெருவில் கிடக்கும் காசு. ஆனால் தெருவில் கிடப்பவை எல்லாம் தேய்ந்தவை. அடித்த அன்று இருந்த மேனியோடு, காது மடலும் தாடி மயிரும் எண்ணும்படியாக இருக்கும் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால்தான், ‘ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற அளவுகோல் உங்களுக்குக் கிடைக்கும். பிறகு எந்த ஆண்டுக் காசைப் பார்த்தாலும் மனசுக்குள் அதோடு ஒப்பிடுவீர்கள். நான் 1918ஐ வாங்கச் சொல்வதே அதற்காகத்தான். உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சோதனை! “பளபளவென்று இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைதான் எனக்குப் பயம். நம் வீடுகளில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் என்ன நடக்கும்? பித்தளை விளக்கோடு சேர்த்துப் பழைய காசும் தொட்டிக்குப் போகும். செம்புக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி, இந்தக் காலமானால் பற்பசை. என் பாட்டி வருஷம் தவறாமல் செய்தார். மகாலட்சுமி கறுத்துப்போய் இருக்கலாமா என்பது அவர் கேள்வி, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்தக் காசுகளில் இன்று சேகரிப்புக்கு ஆகும்படி ஒன்றுகூட இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அச்சு ஓங்கி இறங்கும்போது உலோகம் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி ஒரு கணம் ஒழுகுகிறது. அந்த ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாகக் காசின் மேல் உறைந்துவிடும். வெளிச்சம் அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்புவதைத்தான் லஸ்டர் என்கிறோம். ஒரே ஒரு பல்பு எரியும் அறையில் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். அசல் லஸ்டர் என்றால் ஒளிக்கீற்று ஒன்று ராட்டினத்தின் ஆரம் மாதிரி காசின் மேல் சுழன்று வரும். தேய்த்து மினுக்கிய காசில் அது சுழலாது. எவர்சில்வர் டம்ளர் மாதிரி முழுவதும் ஒரே வெள்ளையாகப் பளீரிடும், லென்ஸ் வைத்தால் ஒரே திசையில் கீறல் கீறலாகத் தெரியும். கடைக்காரர் காட்டிய 1918இல் ஒளி சுழல்கிறதா? சுழன்றால் வாங்குங்கள். இல்லையென்றால் அது விபூதியோ பற்பசையோ கண்ட காசு, வெள்ளி விலைதான் அதற்கு. நூறு வருடத்து வெள்ளி லேசாகச் சாம்பல் நிறமோ, ஓரத்தில் பொன்னிறமோ படிந்து, அதற்கு அடியில் ஒளி சுழன்றால் இன்னும் நல்லது. கறுப்பைப் பார்த்துப் பயந்து துடைத்துவிடாதீர்கள்.

வெள்ளி விலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1835 முதல் 1939 வரை ரூபாய்க்காசின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் எடை அதேதான், ஆனால் வெள்ளி பாதிதான், சுமார் 5.8 கிராம். 1947இல் வந்த புலி போட்ட ரூபாய் வெறும் நிக்கல். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அந்தக் காசு எதற்குக் கீழே போகாது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணத்தைக் கடைக்காரர் சொல்ல வேண்டும்.

இனி ‘அரியது’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், இதில்தான் புதியவர்கள் அதிகம் விழுகிறார்கள்.

பழசு என்றால் அரியது என்று நினைப்பது முதல் தப்பு. ஒரு பக்கம் நின்றும் மறுபக்கம் உட்கார்ந்தும் மனித உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இந்த ராஜராஜன் செப்புக்காசுக்கு வயது ஆயிரம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குவியல் குவியலாகக் கிடைத்திருப்பதால் தேய்ந்த ஒன்று இன்றும் ஒரு நேரச் சாப்பாட்டு விலையில் கிடைக்கும். இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. சென்னை மாகாணத்துக்காக ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1808இல் பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களை பர்மிங்காமில் அடித்தது. ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீகத்தில் ‘இருபது காசு நான்கு ஃபலூஸ்’ என்று எழுத்து. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980களில் லட்சக்கணக்கில் காசுகளை அள்ளினார்கள். உப்பு அரித்தவை ஏராளம், பீப்பாய்க்குள் நெருக்கமாக இருந்து தப்பியவை புதுக்கருக்கோடு வந்தன. சென்னைக்கு வந்து சேராத சென்னைக் காசு, வயது இருநூறு, கப்பல் கதை வேறு. ஆனாலும் அரியது அல்ல. அதில் விலையைத் தீர்மானிப்பது நிலை மட்டும்தான்.

குறைவாக அடித்தது என்றால் அரியது என்பதும் அவ்வளவு சரியில்லை. எத்தனை தப்பிப் பிழைத்தது என்பதுதான் கேள்வி. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் இதற்கு நல்ல சாட்சி. அது லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டதாகவே பதிவு. ஆனால் வெள்ளியைப் பாதியாகக் குறைக்கும் முடிவு வந்துவிட்டதால் ஜனங்கள் கைக்கு வந்தவை மிகக் குறைவு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் இன்று எல்லோரும் கனவு காண்பது அதைத்தான்.

மூன்றாவது, அரியதாக இருந்தும் கேட்க ஆள் இல்லாத காசுகள். மதுரை நாயக்கர் காலத்துச் சின்னச் செப்புக்காசுகளில் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. நாலைந்து மட்டுமே தெரிந்த வகைகள்கூட உண்டு. தேடுபவர்கள் ஒரு சிறு கூட்டம் என்பதால் விலை ஏறுவதில்லை. ஆராய்ச்சி ஆசை இருந்தால் அது ஒரு அருமையான காடு. விலைக்காக நுழையாதீர்கள்.

1939 என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு வியாபாரி எனக்கு அந்த 1939ஐக் காட்டினார். அப்போது எனக்கு ஐந்தாறு வருட அனுபவம். அதுதான் ஆபத்தான வயது, தெரியும் என்ற நினைப்பு வந்திருக்கும், ஆனால் தெரியாது. காசு கொஞ்சம் தேய்ந்திருந்தது, நான் தராசில் போட்டேன், எடை சரி. வெள்ளிச் சத்தமும் சரி. ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன், கல்லாறு தாண்டும் வரை சட்டைப் பையில் இருந்து கையை எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் லென்ஸ் வைத்துக் கடைசி எண்ணைக் காட்டினார். 8இன் கீழ்ச் சுழியைச் சுரண்டி 9 ஆக்கியிருந்தார்கள். அசல் 1938 காசு, அதனால்தான் எடையும் சத்தமும் சரியாக இருந்தன. சுரண்டிய இடத்துக்குப் பக்கத்தில் தரை லேசாகக் குழிந்திருந்தது. காசு நல்ல நிலையில் இருந்திருந்தால் அந்தக் குழி பளிச்சென்று கண்ணில் அடித்திருக்கும். தேய்மானம்தான் திருட்டுக்குத் திரை போட்டது. அந்தக் காசை நான் விற்கவில்லை, விற்றால் நானும் அதே வேலை செய்தவன் ஆகிவிடுவேன். மேசை டிராயரில் கிடக்கிறது. பெரிய விலைக்கு ஏதாவது வாங்கும் ஆசை வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

போலி செய்கிறவன் சாதாரணக் காசில் மெனக்கெட மாட்டான். அதனாலும் சொல்கிறேன், கண் பழகாத காலத்தில் ‘அரியது’ பக்கம் போகாதீர்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, 70க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. பெரிய விலைக் காசுக்கு அது நல்ல துணை. ஆனால் அந்தப் பெட்டிக்கே போலி வந்துவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், காசே அல்லாத காசுகள். 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்று இருக்கும். சுற்றுலா வரும் ஊர்களில் தவறாமல் கிடைக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை எந்தக் காலத்திலும் அடிக்கவில்லை. அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் என்று ‘ரைஸ் புல்லிங்’ காரர்கள் கொண்டுவருவதிலும் இந்த வகை உண்டு. வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே குடும்பம்தான். பழைய நோட்டு, காசு விற்றுத் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. அவ்வளவு போதும் இதற்கு.

அப்படியானால் நிலைதான் எப்போதும் முதலிடமா என்றால், இல்லை. நல்ல நிலையில் கிடைக்கவே கிடைக்காத காசுகளில் இந்தக் கணக்கு வேறு. சங்க காலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசு, கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் வில் அம்புக் காசு, இவற்றில் மீனும் வில்லும் அடையாளம் தெரிந்தாலே அது நல்ல காசு. அங்கே போய் லஸ்டர் தேடினால் சிரிப்பார்கள். திப்பு சுல்தானின் யானைப் பைசாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1799 வரை நீலகிரி மைசூர் கையில் இருந்ததால், மலைக்காரர்களான நமக்கு அதில் ஒரு தனி ஒட்டுதல். அதில் யானை முழுசாக இருக்கிறதா, பின்பக்கம் எந்த ஊர் அச்சுச்சாலை என்ற எழுத்து விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். கையால் சுத்தியல் கொண்டு அடித்த காலம், பாதி எழுத்து காசுக்கு வெளியே போயிருக்கும். அரிய அச்சுச்சாலை என்றால் தேய்ந்ததையும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்தில் அடித்த காசுக்கு ஒரு நியாயம், கையால் அடித்த காசுக்கு ஒரு நியாயம். உங்கள் கடைக்காரர் காட்டிய இரண்டுமே இயந்திரக் காசு.

இப்போது, சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் ஆலோசனைகளில் வராத ஒன்று. நாம் இருப்பது மலையில். நல்ல நிலைக் காசை வாங்குவது ஒரு நாள் வேலை. அதை நல்ல நிலையிலேயே வைத்திருப்பது கோத்தகிரியில் வருடம் முழுக்க வேலை. ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து உட்காரும் ஊர் நம்முடையது. தேய்ந்த காசுக்கு இழக்க ஒன்றும் இல்லை, அது அந்த ஈரத்தைத் தாங்கும். லஸ்டர் உள்ள காசு தாங்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் பைகள் கொண்ட ஆல்பம் ஒன்றில் என் செப்புக் காசுகளை எல்லாம் வரிசையாகப் போட்டு வைத்தேன். இரண்டு மழைக்காலம் போனது. திறந்தால் காசுகளின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ. அது பி.வி.சி. பிளாஸ்டிக். அதை மெத்தென்று வைப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் கசிந்து செம்பை அரித்திருந்தது. ஆரம்ப நிலை என்றால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அடுப்பு எரியும் இடத்தில் அசிட்டோன் பாட்டிலைத் திறக்கவே கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். என்னுடையவற்றில் பாதிக்கு அதற்குள் குழி விழுந்துவிட்டது.

மைலார் என்ற, பி.வி.சி. அல்லாத தெளிவான பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர்கள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன. அவற்றில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், உலர்த்தித் திரும்பப் போடலாம். சமைக்கும் வாணலியில் போட்டு உலர்த்தாதீர்கள். அப்புறம், குளிருக்குப் பழகிய நாம் எதையும் கம்பளித் துணியில் சுற்றி வைப்போம். வெள்ளிக்கு அது ஆகாது. கம்பளியிலும் ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுத்துவிடும். விறகடுப்புப் புகை போகும் அறையும் வேண்டாம். காசைத் தொடும்போது விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் அந்த ரேகை அடுத்த வருடம் காசின் மேலேயே எழுந்து நிற்கும்.

பணம் போட்டு வாங்குவதற்கு முன்னால் அந்தப் பால்மா டின்னைக் கொட்டி ஆற அமரப் பாருங்கள். எதையும் கழுவாதீர்கள். இலங்கைச் சதங்களில் தாளிப்பனை மரம் போட்ட செப்பு ஒரு சதம் இருக்கும், சதுரமான ஐந்து சதம் இருக்கும். ஆண்டுவாரியாக அடுக்கினால் தாத்தா அங்கே இருந்த காலம் மேசை மேல் வந்துவிடும். சந்தையில் அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறிய குடும்பத்தின் பையில் வந்த காசு என்பது எந்த விலைப் பட்டியலிலும் ஏறாத விஷயம். ஒரு தாளில் எழுதி அவற்றோடேயே வைத்துவிடுங்கள், எங்கிருந்து வந்தார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று.

நயா பைசாக்கள்தான் உங்களுக்குச் சரியான பள்ளிக்கூடம். 1957 ஏப்ரல் 1இல் அணாப் போய்ப் பைசா வந்தது, 1964 ஜூன் 1இல் ‘நயா’ என்ற சொல் போயிற்று. இடையில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபத்தைந்து, ஐம்பது. வட்டம், அலை விளிம்பு, சதுரம் என்று வடிவங்களும் பல. ஆண்டுக்குக் கீழே வைர வடிவப் புள்ளி இருந்தால் பம்பாய், எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. இவை கோடிக்கணக்கில் அடித்தவை, தேய்ந்ததை யாரும் சீந்த மாட்டார்கள். ஆனால் 1957இன் வெண்கல ஒரு நயா பைசாவை அச்சுச்சாலையில் இருந்து வந்த அதே செம்புச் சிவப்போடு தேடிப் பாருங்கள். பழுப்பாகாத ஒன்று அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. அரிய காசு வேண்டுமா நல்ல நிலை வேண்டுமா என்று கேட்டீர்களே, இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் அது. அதற்கு லட்சங்கள் வேண்டாம், உங்கள் 1,500 ரூபாயில் ஒரு பங்கும் பொறுமையும் போதும்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வைத்திருக்கலாம், ஆனால் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. கனடாவில் இருக்கும் சித்தப்பா ஆசைப்பட்டாலும் 1918ஐத் தபாலில் போட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் குழி தோண்டும்போது காசுக் குவியல் ஏதாவது கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்ல வேண்டும். காசு சேர்க்கும் கலெக்டரிடம் இல்லை, ஊட்டியில் இருக்கும் கலெக்டரிடம்.

அடுத்த வாரம் ஊட்டிக்குப் போகும்போது ஒரு சின்ன லென்ஸும், கிராமில் இரண்டு தசமம் காட்டும் கைத்தராசும் எடுத்துப் போங்கள். வெயில் இல்லாத நாளாகப் பார்த்து, கடைக்குள் ஒரே ஒரு விளக்கின் கீழே 1918ஐச் சாய்த்துப் பாருங்கள். ஒளி சுழன்றால் பேரம் பேசி வாங்குங்கள். வாங்கிவிட்டுக் கிளம்பும்போது, போகிற போக்கில், அந்த நகைக்காசு 1911க்கு என்ன கடைசி விலை என்று கேளுங்கள். வெள்ளி விலைக்கு மேல் ஒரு இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் இறங்கி வந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், பன்றி எங்கே இருந்தது என்று காட்டவாவது ஆகும். இறங்காவிட்டால் காசை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பற்றவைத்த தடம் உள்ள காசு சீக்கிரம் விற்காது, அடுத்த ஆயுத பூஜைக்கும் அங்கேயேதான் இருக்கும்.